பார்வையாளர் நேரம் பார்க்காத வியாகுலம்மாள்

திண்டுக்கல்லில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் தரையைப் பதினொரு வருடம் துடைத்தவர் வியாகுலம்மாள். காலை ஆறரை மணிக்குச் சேலைக்கு மேல் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, பினாயில் வாளியும் மாப்புக் கட்டையுமாக உள்ளே நுழைந்தால் பிற்பகல் மூன்று மணிவரை அவருக்கு உட்காரப் பொழுது இருக்காது. சிந்திய ரத்தமும் கக்கிய கஞ்சியும் நிறைந்து வழியும் மூத்திரப் பையும் அவர் கைக்குத்தான் வந்து சேரும். இதைச் செய்தவருக்கெல்லாம் ஒரு கதையா என்று முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளட்டும். கோயிலில் பீடத்தருகே முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காருபவர்களின் கதைகளைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

வேலைக்குப் போகும் முன் பங்குக் கோயிலில் ஐந்தரை மணிப் பூசையை அவர் தவறவிட்டதில்லை. பூசை முடிந்ததும் கோயிலின் இடப்பக்கக் கதவோரம் மாட்டியிருந்த ஒரு பழைய படத்தின் முன் போய் நிற்பார். இயேசுவை வளர்த்த தகப்பன் சூசையப்பர் சாகக் கிடக்கிற படம் அது. கட்டிலுக்கு ஒரு பக்கம் ஆண்டவர் இயேசு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருப்பார், மறுபக்கம் மாதா குனிந்து நிற்பார். கோயிலுக்குப் புது டைல்ஸ் பதித்து, சுவரில் பெரிய திரை மாட்டி, எல்லாவற்றையும் பளபளப்பாக்கியபோது, இந்தச் செல்லரித்த படத்தையும் பழைய சாமான்களோடு வெளியே தூக்கி வைத்துவிட்டார்கள். வியாகுலம்மாள் யாரிடமும் வாதாடவில்லை. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையின் கையைக் காலைப் பிடித்து, யார் கண்ணிலும் படாத அந்தக் கதவோரத்திலாவது மாட்டிவிடும்படி கெஞ்சிக் கேட்டுச் சாதித்துக்கொண்டார்.

அந்தப் படத்தைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சூசையப்பரே, ஒமக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருந்துச்சு. எனக்கு ஒரு பக்கமாச்சும் ஆள் இருக்கணும். சாமியார் வராம நான் சாகக் கூடாது."

இதைக் கேட்டு இந்தக் காலத்து ஆட்கள் சிரிப்பார்கள். வியாதி வந்தால் வைத்தியம், செத்தால் குளிர்பெட்டி, தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் என்று ஆகிவிட்டது. முன்பு அப்படி இல்லை. சாகக் கிடக்கிறவருக்குக் குருவானவர் வந்து, பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் கேட்டு, நன்மை என்கிற திவ்விய அப்பம் கொடுத்து, நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி மன்றாடுவார். அதற்கு அவஸ்தைப் பூசுதல் என்று பெயர். அது கிடைக்காமல் போகிற சாவைத்தான் பெரியவர்கள் எல்லாச் சாவிலும் கெட்ட சாவென்று அஞ்சினார்கள். வியாகுலம்மாளும் அப்படி அஞ்சியவர்தான், ஆனால் அவருடைய அச்சத்துக்கு ஒரு காரணம் இருந்தது.

அவருடைய வீட்டுக்காரர் இன்னாசி காய்கறி மண்டியில் மூட்டை தூக்கியவர். ஒருநாள் மூட்டையோடு சரிந்து விழுந்தவரை மண்டிக்காரர்கள் இதே மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். இதே மூன்றாவது மாடியில்தான் படுக்க வைத்தார்கள். நிலைமை மோசம் என்று தெரிந்ததும் வியாகுலம்மாள் ஓடிப்போய் அப்போதைய பங்குச் சாமியாரை அழைத்து வந்தார். அப்போது மணி இரண்டரை. பார்வையாளர் நேரம் நான்கு முதல் ஐந்து வரை என்று கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தது. நாலு மணிக்கு வாங்க ஃபாதர் என்று செக்யூரிட்டி மரியாதையாகத்தான் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்கு இட்ட வேலை அது. சாமியார் எண்ணெய்ச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று பத்துக்கு இன்னாசியின் உயிர் பிரிந்தது. கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் பதினைந்து அடி கூட இருக்காது. வியாகுலம்மாள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடியே நின்றார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே அவர் அந்த மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குப் போய் நின்றார். புருஷனைப் பறிகொடுத்த இடத்திலேயே போய்க் கக்கூஸ் கழுவுகிறாளே, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று தெருவே பேசியது. தங்கச்சி வந்து நேரிலேயே கேட்டுவிட்டார்.

"உள்ள போக எனக்கு ஒரு வழி வேணும்டி," என்றார் வியாகுலம்மாள். "தொடப்பத்தோட போறவளை யாரும் நேரம் காலம் கேக்க மாட்டாங்க."

அப்படி ஆரம்பித்ததுதான் அவருடைய ஊழியம். எந்தக் கட்டிலிலாவது கத்தோலிக்கர் ஒருவர் கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பது தெரிந்தால், முதலில் வெளியே வந்து சொந்தக்காரர்களிடம் சாமியாரை அழைக்கச் சொல்வார். பாதிப் பேர் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்பார்கள். சாமியாரைப் பார்த்தால் நோயாளி பயந்துவிடுவார் என்பார்கள் சிலர். மகன் வெளிநாட்டில் இருக்கிறான், செல்போனில் முகம் காட்டச் சொல்லியிருக்கிறான், அது முடியட்டும் என்றவர்களும் உண்டு. சாமியார் வந்தாலும் நான்கு மணிக் கதவு இருக்கவே இருக்கிறது. வியாகுலம்மாள் திரும்ப உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் துடைப்பவர் மாதிரி குனிந்துகொள்வார். குனிந்தபடியே நோயாளியின் காதருகே வாயை வைத்து பாவங்களுக்காக மனம் வருந்துகிற உத்தம மனஸ்தாப மந்திரத்தை மெதுவாகச் சொல்வார். கடைசியில் சேசு, மரி, சூசை என்று அந்தப் படத்தில் இருக்கிற மூன்று பேரையும் மூன்று தரம் கூப்பிடுவார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

பதினொரு வருடத்தில் எத்தனை பேருடைய காதில் சொன்னார் என்று அவர் எண்ணி வைக்கவில்லை. நர்சுகளில் சிலருக்குத் தெரியும், கண்டுகொள்ளாமல் விட்டார்கள். அவர் மனதை வாட்டியதெல்லாம் வேறு. "செத்தப்பறம் வாசல்ல முந்நூறு நாற்காலி போடுறாங்க. சாகுறப்ப பக்கத்துல ஒரு நாற்காலி இல்லையே," என்று தங்கச்சியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அதற்கு யாரை நொந்துகொள்வது? டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றத்தான் பாடுபட்டார்கள், பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துதான் வராந்தாவில் கிடந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனாலும் நடுவிலே படுத்திருப்பவர் தனியாகத்தான் கிடந்தார்.

பதினோராவது வருடம் தவக்காலத்தில் அந்தத் தவறு நடந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தவுடன் கழுத்திலும் கையிலும் கிடப்பதையெல்லாம் கழற்றி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். செபமாலை, மாதா படம் தைத்த உத்தரியம், தாயத்து, தாலி எல்லாம் அந்த உறையோடு வெளியே போய்விடும். நெற்றியையும் துடைத்துவிடுவார்கள். அதனால் யார் என்ன சனம் என்பதை வியாகுலம்மாள் தலைமாட்டில் எழுதியிருக்கும் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் தெரிந்துகொள்வார். ஆறாம் கட்டிலில் வேளாங்கண்ணி என்று எழுதியிருந்தது. வாயில் குழாய், கைகள் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன, எழுபது வயது இருக்கும். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுவதைப் பார்த்தவர், வேளை வந்துவிட்டது என்று நினைத்தார். சந்தேகமே படாமல் குனிந்து காதில் சொன்னார்.

அந்த வேளாங்கண்ணி கிறிஸ்தவரே அல்லர். முதல் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அவருடைய தாய், மூன்றாவதாவது தங்கட்டும் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, மொட்டை போட்டு, அந்தப் பெயரையே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகிற குடும்பமாகத்தான் அது இருந்தது. நம் ஊரில் இதெல்லாம் புதிதா? ஆனாலும் அந்த நேரத்தில் வியாகுலம்மாளுக்கு அது தோன்றவில்லை. வேளாங்கண்ணியின் மகன் கதிர்வேல் ஆட்டோ ஓட்டுபவர், மருத்துவமனை வாசலில்தான் அவருக்கு ஸ்டாண்டு. அவர் கண்ணாடி வழியே பார்த்துவிட்டார்.

வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவர் கத்தினார். "யாரைக் கேட்டு எங்கப்பா காதுல ஓதுன? மதம் மாத்துறதுக்கு ஐ.சி.யூ.தான் கெடச்சுச்சா? அவரு சாகப் போறாருன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

கடைசிக் கேள்விதான் வியாகுலம்மாளை உலுக்கிவிட்டது. கையில் மாப்புக் கட்டையோடு தலையைக் குனிந்து நின்றார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இரண்டு கையையும் கூப்பினார். அதற்குள் யாரோ படம் பிடித்துவிட்டார்கள், கதிர்வேல் புகாரும் எழுதிக் கொடுத்தார்.

துப்புரவு வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரின் மேற்பார்வையாளர் கெட்ட மனிதர் அல்லர். தரையைத்தான் துடைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சமாளித்துவிடலாம் என்றார். வியாகுலம்மாள் பொய் எழுத மாட்டேன் என்றார். அப்படியானால், இனி யார் காதிலும் எதுவும் சொல்ல மாட்டேன் என்று எழுதுங்கள் என்றார் அவர்.

"அந்த அய்யா காதுல சொன்னது என் தப்பு, அதுக்கு எத்தனை தடவை வேணா மன்னிப்பு எழுதுறேன் சார்," என்றார் வியாகுலம்மாள். "சாகுற எங்க ஆளுங்க காதுல சொல்ல மாட்டேன்னு மட்டும் எழுதச் சொல்லாதீங்க. அதுக்குத்தான் நான் வேலைக்கே வந்தேன்."

அன்று மாலையே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நீலச் சட்டையைத் துவைத்துக் காயவைத்து மறுநாள் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பங்குச் சாமியார் அமலதாஸிடம் அவர் அழுதார். சாமியார் இளையவர், நல்லவர். ஆனால் மருத்துவமனையிலிருந்து அவருக்கும் தகவல் வந்திருந்தது. இன்னொரு தரம் இப்படி நடந்தால் நான்கு மணிக்குச் சாமியார்களை விடுவதைக் கூட யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள் அம்மா, என்னாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றார் அவர். குருவானவரே அப்படிச் சொன்னபோது வியாகுலம்மாள் தொட்டியை விட்டு எழுந்து அந்தப் படத்தின் முன் போய் வெகு நேரம் நின்றார்.

பிறகு ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவப் போனார். காலை வேலை முடிந்ததும், பதினொரு மணிக்கெல்லாம் மருத்துவமனைக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். மூன்றாவது மாடியில் இடமிருந்து நாலாவது ஜன்னல்தான் ஆறாம் கட்டில் இருக்கிற இடம். அதைப் பார்த்தபடியே செபமாலை உருட்டுவார். உள்ளே போகக் கூடாது என்றுதானே சொன்னார்கள், ரோட்டில் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. ஆட்டோக்காரர்களுக்கு அவர் ஒரு பொழுதுபோக்கு ஆகிப்போனார். அந்தம்மா மூணாவது மாடிக்கு ரிமோட்டுல செபம் பண்ணுது, சிக்னல் கெடச்சுச்சான்னு கேளுடா என்று அவர் காதில் விழவே பேசிச் சிரிப்பார்கள். அவரும் சில சமயம் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். ஆனால் அது போய்ச் சேருகிறதா என்கிற சந்தேகம் அவருக்கே இருந்தது, அதுதான் அவரை உள்ளுக்குள் அரித்தது.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் கதிர்வேல் அந்த பெஞ்சில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அவருடைய அப்பா அன்றைக்குச் சாகவில்லை. குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சு வந்ததும் அவர் முதலில் விசாரித்தது அந்தக் குரலைப் பற்றித்தான். கையைக் கட்டிப் போட்டிருந்தார்கள், பகலா இரவா தெரியவில்லை, எங்கே கிடக்கிறேன் என்றே தெரியவில்லை, அப்போது காதருகே ஒரு பொம்பளைக் குரல் மூன்று பேரைக் கூப்பிட்டது, அதைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன் என்றாராம். போன வாரம் வீட்டில் அவர் உயிர் போகிற நேரத்தில் மகனைக் கூப்பிட்டு, அந்த மூன்று பேரையும் நீ சொல்லு என்றாராம். நெற்றியில் விபூதியோடு, மகன் மடியில் தலையை வைத்துக்கொண்டு கேட்டாராம். கதிர்வேல் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டு, அவர் மதம் மாறினாரா என்று யாரும் ஆராய வேண்டாம். வியாகுலம்மாள் அதைக் கேட்கவில்லை. பயந்தாரா என்று மட்டும் கேட்டார். இல்லம்மா என்றார் கதிர்வேல். வியாகுலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கதிர்வேல் மேற்பார்வையாளரிடம் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லியும் பார்த்திருந்தார். தரை துடைக்க இப்போது மெஷின் வந்துவிட்டது, அதற்கு வாய் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். நான் என்ன செஞ்சா இது தீரும்மா என்று கேட்டார். வியாகுலம்மாள் சுருக்குப்பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் எழுதி வாங்கி, இதைப் போல இன்னொன்றும் பையில் வைத்திருந்தார். "நான் கத்தோலிக்கக் கிறிஸ்தவள். எனக்கு ஆபத்து நேர்ந்தால் முதலில் குருவானவரைக் கூப்பிடவும்" என்று எழுதி, கீழே கோயில் நம்பர் இருந்தது.

"நீ ரோட்டுல இருக்குறவன். இதை மட்டும் வச்சுக்கய்யா," என்றார். கதிர்வேல் அதை வாங்கி ஆட்டோவில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

அடுத்த மார்ச் மாதம், சூசையப்பருக்கு உரிய புதன்கிழமை. நல்ல உச்சி வெயில். வியாகுலம்மாள் செபமாலையோடு பெஞ்சிலேயே சரிந்தார். சேலை நனையும்படி வியர்வை, இடது கையைத் தூக்க முடியவில்லை. கதிர்வேல் ஓடிவந்து தூக்கி ஆட்டோவில் போட்டார். மருத்துவமனை எதிரேயே இருந்தது, ரோட்டைத் தாண்டினால் போதும். அவர் வண்டியைத் திருப்பும்போது வியாகுலம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அங்க வேணாம்யா. கண்ணாடிக்குள்ள வச்சிருவாங்க. சாமியாரை விட மாட்டாங்க."

உயிர் போகிறதே அம்மா என்று கதிர்வேல் கதறினார். அவர் பிடியை விடவில்லை. கதிர்வேலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போய்விடுவோம் என்று வண்டியைக் கிளப்பினார். முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்து, ஓட்டியபடியே கோயிலுக்குப் போன் போட்டார். அமலதாஸ் சாமியார் எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் எதிரே வந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ரயில்வே கேட் இருந்தது, அது மூடியிருந்தது.

சரக்கு ரயில் வந்தது. முடிவே இல்லாமல் பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் சாமியார் நின்றார். பெட்டிகளின் இடைவெளியில் அவருடைய வெள்ளை அங்கி விட்டுவிட்டுத் தெரிந்தது. கதிர்வேல் ஹாரனை அடித்தார், கத்தினார், கேட்காரரிடம் கைகூப்பினார். யாரால் என்ன செய்ய முடியும்? பன்னிரண்டு வருடத்துக்கு முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாமியார் உட்கார்ந்திருந்தது போலவே இன்றைக்கும் ஆகிவிட்டது.

கதிர்வேல் பின் இருக்கைக்கு வந்து அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "அம்மா, எனக்கு உங்க மந்திரம் தெரியாது. அந்த மூணு பேருதான் தெரியும்," என்றார். வியாகுலம்மாள் தலையை அசைத்தார். கதிர்வேல் அவர் காதருகே குனிந்து, ரயில் சத்தத்தை மீறி, சேசு, மரி, சூசை என்று சொல்ல ஆரம்பித்தார்.

கேட் திறந்து சாமியார் ஓடிவந்தபோது மூச்சு அடங்கியிருந்தது. உயிர் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்ற நம்பிக்கையில் குருவானவர்கள் செய்கிறபடி, உயிர் இருந்தால் என்று சொல்லி அவர் நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார். பிந்திவிட்டேனே என்று ஆட்டோவின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொன்னது நினைவுக்கு வந்து அவரை அறுத்தது. கடைசியில் ஏதாவது கேட்டார்களா என்று விசாரித்தார்.

கதிர்வேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னமோ சொன்னாங்க சாமி, எனக்குப் புரியல. கண்ணைத் தொறந்து எனக்கு அந்தப் பக்கமா பார்த்தாங்க. மரியாதைப்பட்டவங்க வந்த மாதிரி முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டாங்க. 'தள்ளி உக்காருய்யா, ரெண்டு பக்கமும் எடம் விடு'ன்னாங்க. நான் எறங்கி நின்னுக்கிட்டேன். அப்புறம் ரெண்டு கையையும் ரெண்டு பக்கமும் நீட்டுனாங்க சாமி. தூக்கவே முடியாத அந்தக் கையையும்தான்."

சாமியார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு பக்கமுமா என்று ஒரு தரம் கேட்டார். ஆமாம் சாமி என்றார் கதிர்வேல். சாமியார் நடுரோட்டில் முழந்தாளிட்டார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன.

அடக்கம் முடிந்த மறுநாள் சாமியார் கதிர்வேலைக் கோயிலுக்குள் கூட்டிப்போய் அந்தக் கதவோரத்துப் படத்தின் முன் நிறுத்தினார். கதிர்வேல் அதற்கு முன் அந்தக் கோயிலுக்குள் கால் வைத்தவர் அல்லர். படத்தை நிமிர்ந்து பார்த்தவர், கட்டிலுக்கு இந்தப் பக்கம் இருப்பவரையும் அந்தப் பக்கம் இருப்பவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பில்லாத காலோடு இரண்டடி பின்னால் நகர்ந்து, வழிவிடுகிறவர் போல ஒதுங்கி நின்றார்.

ஒரு பக்கத்துக்கு ஆள் கேட்டு, இரண்டு பக்கமும் பெற்றுக்கொண்ட வியாகுலம்மாள், தனியே கிடந்து சாகிறவர்களையெல்லாம் இன்றைக்கும் மறந்திருக்க மாட்டார்.